தந்தையும் குன்றும்

கொல்லிமலைச் செம்மேட்டில், அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறான். ஆடிப்பெருக்கையொட்டி விழா எடுத்தால் சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்துச் சனம் மலையேறிப் போகும். ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த கதை அகநானூற்றில் இருக்கிறது. ஓரியின் கொடையை வன்பரணர் பாடினார். அவன் வீட்டார் அழுததாகச் சங்கப் பாட்டில் ஒரு வரி கிடையாது. பக்கத்துத் தகடூர் அதியமான்களுக்காகப் பாடி அழுதவர்களும் ஔவையார், அரிசில் கிழார் என்ற புலவர்களே. மலையையும் தகப்பனையும் சேர்த்துப் பறிகொடுத்த அரச வீட்டுப் பிள்ளைகளின் குரல் கேட்க வேண்டுமானால் பறம்புக்குத்தான் போகவேண்டும். இன்றைய சிவகங்கை மாவட்டப் பிரான்மலை.

பறம்பை ஆண்ட பாரியின் மகளிர் பாடியது புறநானூறு 112. மொத்தமே ஐந்தடி. அன்று ஒரு நிலா, இன்று ஒரு நிலா. அன்று தந்தை இருந்தார், குன்றும் கைவிட்டுப் போகவில்லை. இன்று இரண்டும் இல்லை. அவ்வளவுதான் சேதி. யார் கொன்றார்கள், எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. கண்ணீர் என்ற பேச்சே இல்லை.

நான் திரும்பத் திரும்ப வியப்பது அடுக்கிய வரிசையை. முன்பாதியில் தந்தை முதலில், குன்று பிறகு. பின்பாதியில் குன்றைப் பேசிவிட்டுத்தான் தந்தைக்கு வருகிறார்கள். துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அப்பா போனதைத்தான் முதலில் சொல்வார்கள். இவர்களுக்கு அது வாயில் வரவில்லை. நாடு போனதைச் சொல்லிக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறார்கள். இனித் தள்ளமுடியாத கடைசிச் சொல்லில் தந்தை இல்லாமல் போகிறார்.

நான்காம் அடி மூன்று சீரில் நின்றுவிடுகிறது. ஆசிரியப்பாவில் ஈற்றயலடி அப்படி வருவது இலக்கணந்தான். ஆனால் இங்கே ‘எம்’ என்பது அந்த அடியின் விளிம்பில் தனியே தொங்க, குன்று அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. இலக்கணம் இவ்வளவு இரக்கத்தோடு வேலை செய்து நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. அதே அடியில் பகைவரை வெற்றி முரசு கொட்டும் வேந்தர் என்கிறார்கள். பாராட்டு என்று ஏமாறவேண்டாம். பாரி ஒருவனை மூவேந்தர் சூழ்ந்து, அப்போதும் வஞ்சனையால்தான் கொன்றார்கள். ஆகவே இது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார் பழைய உரைகாரர். கோபத்துக்கு இந்தப் பிள்ளைகள் கொடுத்த இடம் அவ்வளவே.

இதன் பக்கத்தில் இன்னொரு அரச மகளின் துக்கத்தை வைத்துப் பார்க்கிறேன். 1861 மார்ச் 16 அன்று விக்டோரியா மகாராணியின் தாய் இறந்தார். அன்றே தாய்மாமனான பெல்ஜியம் மன்னர் லியோபோல்டுக்கு ராணி கடிதம் எழுதினார்: நெஞ்சு நொறுங்கிய உங்கள் பிள்ளை எழுதுகிறேன், என் வாழ்வில் இதைவிடக் கொடிய நாள் இல்லை என்ற தொனியில். உருக்கமான கடிதம், குறை சொல்லமாட்டேன். ஆனால் உலகாண்ட ராணிக்குச் சாய்ந்துகொள்ள ஒரு மாமன் தோள் இருந்தது. பறம்புப் பெண்களின் பாட்டில் முன்னிலையே இல்லை. யாரையும் விளிக்கவில்லை.

பாரி மகளிருக்குத் துணையாக நின்ற புலவர் கபிலர், பின்னால் புறம் 116-இல் அவர்கள் இருப்பைக் காட்டுகிறார்: ஒரு சிறுவீட்டருகே குப்பைமேட்டில் ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கும் கபிலருக்குத்தான் தாங்கவில்லை. தன் வாழ்நாளே தேயட்டும் என்று புலம்புகிறார். நல்ல பாட்டுத்தான் அதுவும். என்றாலும் அங்கே அழுகிறவர் புலவர். 112-இல் அந்தப் பெண்கள் தாங்களே பேசுகிறார்கள், அதுவும் கபிலர் அளவுக்குக்கூடக் குரல் உயர்த்தாமல்.