இரு கரையிலும் ஒரே பாசிமணி

பாசிமணி கோப்பதில் சிறுவயதிலிருந்தே எனக்குப் பித்து. அதனால்தானோ என்னவோ, புதுச்சேரியை அடுத்த அரிக்காமேடு என்றதும் எனக்கு ரோமானிய வணிகத்துக்கு முன்னால் மணிதான் ஞாபகம் வரும். வில்லியனூர், பாகூர்க்காரர்களுக்கு எட்டும் தூரம்தான் அந்த மேடு. மழை பெய்து ஓய்ந்தால் இன்றும் அரியாங்குப்பம் ஆற்றங்கரை மண்ணில் கடுகும் மிளகுமாகக் கண்ணாடி மணிகள் தலைகாட்டும். அதே வகை மணிகள் இலங்கையில் மன்னாரை அடுத்த மாந்தையிலும் கிடைத்தன.

1945-இல் அரிக்காமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரின் கண் ரோமானிய மட்கலங்கள் மீதே இருந்தது. மணிகளுக்கு உரிய கவனத்தைத் தந்தவர் அமெரிக்கரான பீட்டர் பிரான்சிஸ். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் உயிரோடிருந்த கைத்தொழிலைப் பார்த்து அவர் பழைய முறையைப் புரிந்துகொண்டார். உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயில் திரட்டி, நடுவே துளை ஓடும்படி கையாலேயே நீளக் குழலாக இழுக்கிறார்கள். குழலைப் பொடித் துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு சட்டியிலிட்டு, சூட்டில் கிளறுகிறார்கள். முனை மழுங்கி உருண்டை வரும். துளைக்குள் புகுந்த சாம்பல் அது மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்.

மாந்தையிலும் இழுத்து நறுக்கிய மணிதான். 1980களில் ஜான் கார்ஸ்வெல் அங்கே அகழ்ந்தார். அரிக்காமேட்டுக்குக் கூடுதல் பெருமை கல்மணி: சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல் எல்லாம் அங்கே பட்டை தீட்டித் துளையிடப்பட்டன, வேலை முடியாத கற்களே அதற்குச் சாட்சி.

அரிக்காமேட்டுக் கைவினைஞர்களே கடல் கடந்து மாந்தைக்குப் போனார்கள் என்பது பிரான்சிஸின் எண்ணம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இலங்கையின் உட்பகுதியில், கிரிபாவையில், மூலக் கண்ணாடியையே உருக்கிய உலைகளின் தடயம் இருக்கிறது. சரக்கைத் தானே செய்யத் தெரிந்த நாட்டை வெறும் சீடப்பிள்ளை என்று ஒதுக்க முடியுமா?

இன்று இலங்கையில் மணி என்றால் இரத்தினபுரிக் கல். பட்டை தீட்டும் சக்கரமும் கையில் முதலும் இல்லாமல் அதைத் தொட முடியாது. எங்கள் பக்கம் மிஞ்சியது மண். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அவ்வூர்க் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஈரக் களிமண்ணை உருட்டி, ஈரம் போகுமுன் குத்தி, நிழலில் காயவைத்துச் சுட்டால் மணி தயார். கண்ணாடி உருக்க நெடுநேரம் அணையாத பெருந்தீ வேண்டும். களிமண் மணிக்குச் சின்னச் சூளை போதும். அடுப்பு வேலைக்கு நடுவே ஒரு பெண் கழுத்தணி செய்து விற்க முடிவது அதனால்தான்.