கதவில் ஒட்டிய நட்சத்திரம்

உவரிக் கரையில் கடலைப் பார்த்தபடி ஒரு கப்பல் நிற்கிறது. கப்பல் மாதா கோயில். கப்பல் வடிவத்திலேயே கட்டிய தேவாலயம். எங்கள் ஊர் அந்தோனியாரும் கப்பலிலிருந்து இறங்கியவர் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். போர்த்துக்கீசியக் கப்பலொன்றில் காலரா கண்டதாம். கப்பலில் இருந்த தச்சர் மரத்தில் புனிதரின் சுரூபம் செதுக்கினாராம். நோய் தீர்ந்ததும் அதை உவரியில் ஒரு குடிசைக்குள் வைத்துவிட்டுப் போனார்களாம். வரலாற்றாசிரியர்கள் இதை எப்படி எடைபோட்டாலும் போடட்டும். அந்நியமான ஒரு கப்பலுக்குள் தனக்கென்று ஒரு மூலையைச் செய்துகொண்ட தொழிலாளியின் கை இந்தக் கதையில் இருக்கிறது. இதைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், உல்லாசக் கப்பலின் அறையைக் கிறிஸ்துமஸுக்கு அலங்கரிப்பது எப்படி என்று வரும் அறிவுரைகளைச் சிரித்துவிட்டுக் கடக்க என்னால் முடியவில்லை.

இது நமக்குத் தொலைதூரச் சங்கதியும் அல்ல. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 1990இல் கட்டப்பட்டு அமெரிக்கக் கடல்களில் ஓடிய பழைய கப்பல் அது. ஆனால் தமிழ் நடுத்தரக் குடும்பம் “ஒரு தடவை போய்ப் பார்ப்போமே” என்று பேசத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

அறிவுரைகளுக்கு வருவோம். கப்பல் அறையின் சுவர் இரும்புத் தகடு, அதனால் ஆணி வேண்டாம், காந்தம் போதும். மெழுகுவர்த்தி கூடாது. சரவிளக்குக்குப் பல கப்பல்களில் தடை. கதவில் தொங்குவது எளிதில் தீப்பிடிக்காத பொருளாக இருக்க வேண்டும். நடுக்கடலில் நெருப்பு என்றால் ஓடுவதற்கு இடம் கிடையாது, ஆகவே இந்த விதிகளில் எனக்கு எந்த முரணும் இல்லை. நான் கவனித்தது வேறு. இந்த அறிவுரைகள் ஒரு பெண்ணின் பெட்டியைப் பார்த்தே பேசுகின்றன. குட்டி மரத்தை மடித்து வைப்பது அவள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் பரிசுகளைத் துணிக்கு நடுவில் ஒளிப்பது அவள். கப்பலேறிய முதல் மணி நேரம் ஒட்டுவதும், கடைசி ராத்திரி ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுப்பதும் அவள். வீட்டுக்காரர் காந்தம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்வார். சமையல் கிடையாது, பாத்திரம் கிடையாது, உங்களுக்கு ஓய்வு என்று சொல்லித்தான் அந்த டிக்கெட்டை விற்கிறார்கள். பண்டிகையைப் பண்டிகையாக்கும் வேலை மட்டும் அவளோடு கப்பலேறிவிடுகிறது.

அலங்காரமே அடிமைத்தனம் என்று முடித்துவிடும் பெண்ணியம் எனக்கு ஒத்துவராது. டிசம்பரில் தட்டில் கேழ்வரகு விதைத்து, முளைத்த பச்சையைக் குடிலுக்குள் புல்லாக வைக்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் பொய்யானது இல்லை. வாழ்நாள் முழுக்கப் புருஷன் வீட்டுச் சுவரில் தன் விருப்பத்துக்கு ஒரு படம் மாட்ட முடியாதவள், மூன்று நாள் வாடகை அறையின் கதவில் ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறாள் என்றால் அதை நான் ரசிப்பேன். என் சண்டை அந்த அறிவுரைகளோடு. அந்தக் கதவை வெளியிலிருந்து தட்டுகிறவரை அவை ஒரு வரியில்கூடப் பார்ப்பதில்லை.

என் அண்ணன் அப்படித் தட்டியவன். வெளிநாட்டு உல்லாசக் கப்பலொன்றில் அறைப் பணியாளனாக இருந்தான். ஒன்பது மாத ஒப்பந்தம். கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் வேலை அதிகம் என்பான். கம்பளத்தில் சிந்திய ஜிகினாத் தூள் எந்த இயந்திரத்துக்கும் வராதாம், முட்டிபோட்டுப் பொறுக்க வேண்டுமாம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. 24 மணி நேரத்தில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம் என்பது அது வைத்திருக்கும் வேலை உச்சவரம்பு. புதிய பயணிகள் கப்பல்களில் சாதாரண ஊழியர் இருவர் தங்கும் அறை குறைந்தது 7.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஏறக்குறைய 80 சதுர அடி. இதை வாங்கவே உலகத் தொழிலாளர்கள் பல காலம் போராட வேண்டியிருந்தது. அண்ணன் தன் கட்டிலுக்கு மேல் இரும்புச் சுவரில் அந்தோனியார் படத்தையும் மகள் வரைந்த குடிசையையும் வைத்திருந்தான், அதே மாதிரிக் காந்தத்தால். எந்த அறிவுரையும் அந்த அறைக்கு எழுதப்படவில்லை.

பெண்கள் அங்கே வேலைக்கு இல்லையா? இருக்கிறார்கள், மிகக் கொஞ்சம். 2021 கணக்கில் உலகம் முழுக்கச் சான்றிதழ் பெற்ற பெண் கடலோடிகள் ஏறத்தாழ 24,000 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறாது. அந்தக் கொஞ்சம் பேரிலும் பெரும்பாலோர் உல்லாசக் கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலும்தான். எங்கள் கரையில் வள்ளத்துக்கு மாதா பேர் வைப்பார்கள், அம்மா பேர் வைப்பார்கள், ஆனால் தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் பெண் ஏறுவது வழக்கமில்லை. உவரியின் மகன் ஜோ டி குரூஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ இந்தக் கடற்கரை வாழ்வைப் பெரிதாக எழுதிக்காட்டிய நாவல். அதில் மரத்தைப் பற்றிக்கொண்டு கடலில் மிதக்கிறவர்களும் மூன்று ஆண்களே. நாவலாசிரியரைக் குறை சொல்லவில்லை, ஊர் அப்படித்தான் இருந்தது. பேர் மட்டும் கடலுக்குப் போகும், பெண் கரையில் நிற்பாள்.

கரையில் நிற்பவளுக்கு டிசம்பரில் இரட்டை அலங்காரம். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று செல்போன் திரைக்கு. மைனி தானே ஏணி போட்டு ஸ்டார் கட்டுவார், வயர் இழுப்பார், முந்திரிக்கொத்து பிடிப்பார். பிறகு குடிலுக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காகக் காத்திருப்பார். புருஷன் பார்க்க வேண்டும், வீடு நல்லபடியாக இருக்கிறது என்று நம்ப வேண்டும், நம்பித் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். கடலில் உழைப்பவனைக் கடலிலேயே நிறுத்திவைக்கும் இந்த வேலைக்கு எந்த உடன்படிக்கையிலும் மணிக்கணக்கு கிடையாது. 2020 டிசம்பரில், கொரோனாவால் ஆள் மாற்ற முடியாமல், ஒப்பந்தம் முடிந்தும் ஏறத்தாழ 4 லட்சம் கடலோடிகள் உலகமெங்கும் கப்பல்களில் சிக்கியிருந்தார்கள். அவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் உண்டு. அந்த வீடுகளில் அந்த வருடம் ஸ்டார் கட்டியது யார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் ஊரில் ஸ்டார்களைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். அண்ணன் ஒப்பந்தம் முடிந்து இறங்குவது ஏப்ரலில். ஒரு வருடம் மைனி ஸ்டாரைக் கழற்றவே இல்லை. தவக்காலத்திலும் அது முற்றத்தில் தொங்கியது. ஊர் என்ன சொல்லும் என்று அம்மா சத்தம் போட்டார். மைனி, “ஏணி பிடிக்க ஆள் இல்ல, மாமி” என்றார்.