கூட்டுத் தயாரிப்புத் திரைப்படங்களும் மலையகமும்: ஒரு விமர்சன நோக்கு

இரு நாட்டுக் கலைத்துறைகள் ஒன்றிணைந்து ஒரு படைப்பை ஆக்குமிடத்து, அதனைப் பண்பாட்டுப் பாலம் எனப் போற்றுதல் மரபாகிவிட்டது. பாலத்தின் இரு கரைகளும் பாராட்டப் பெறுகின்றன. அப்பாலத்துக்குக் கல் சுமந்தோர் யார் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இலங்கை இந்தியத் திரைப்படக் கூட்டுறவு குறித்து இதுவரை எழுதப்பட்டவை யாவும் நடிகர், முதலீடு, வசூல் என்பவற்றையே பெரிதும் பேசியுள்ளன. அக்கூட்டுறவில் மலையகத் தமிழர் பெற்ற இடம் யாது என்பதனை, பதுளையையும் ஊவாப் பெருந்தோட்டங்களையும் மனத்திற்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு திரைப்படத்துக்கு வேண்டுவன பணம், கலைஞர், களம், சந்தை, கதை, மொழி என்பனவாம். இவற்றுள் களத்தையும் சந்தையையும் மட்டும் ஒரு சமூகம் வழங்க, கதையையும் மொழியையும் பிறர் தீர்மானிப்பரேல், அதனைக் கூட்டு என அழைத்தல் பொருந்துமா என்பதே அடிப்படை வினா.

இலங்கைச் சினிமா பிறக்கும்போதே கூட்டு முயற்சியாகவே பிறந்தது. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஆம் ஆண்டு சனவரியில் வெளியாயிற்று. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சின்ஹா என்ற வங்காளி. படம்பிடிக்கப்பட்டது மதுரைச் சித்திரகலா மூவிடோன் கலையகத்தில். அதில் நடித்துப் பின்னர் சிங்களத் திரையின் முதற் பெருநடிகையாக விளங்கிய ருக்மணி தேவி, மலைநாட்டு இறம்பொடையிலே பிறந்த தமிழ்ப் பெண்மணியாவார். சிங்களப் பார்வையாளருக்காகத் தமிழரும் வங்காளியரும் உழைத்த அம்முயற்சி, மொழி கடந்த கலைக்கூட்டுறவு இயல்பானதே என்பதனைக் காட்டுகிறது. ஆனால் அது மேடைநாடகக் கதையொன்றைத் தென்னிந்தியக் கலையக மரபில் வார்த்தெடுத்தமையால், இலங்கை மண்ணின் வாழ்வு அதில் இடம்பெறவில்லை. அக்குறையை 1956 இல் 'ரேகாவ' மூலம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் களைந்தார் என்பது சிங்களச் சினிமா வரலாறு அறிந்தோர் அறிந்ததே. மலையகத்துக்கு அத்தகைய திருப்பம் இலகுவில் வாய்க்கவில்லை.

மேலைநாட்டார் தேயிலை மலையைக் கண்ட விதமும் ஈண்டு நோக்கற்பாலது. 1934 இல் பசில் ரைட் நெறிப்படுத்திய 'சோங் ஒவ் சிலோன்' உலக ஆவணப்பட வரலாற்றில் உயர்ந்த இடம் பெற்றது. அதற்குப் பணம் வழங்கியது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையாகும். தேயிலையால் விளைந்த பணத்திலே ஆக்கப்பட்ட அப்படத்தின் இதயம், பௌத்த வழிபாட்டிலும் சிங்களக் கிராம வாழ்விலுமே தங்கியது. வணிகத்தின் குரல்கள் அதில் ஒலித்தன. அவ்வணிகத்தைத் தாங்கிநின்ற தோட்டத் தொழிலாளியின் குரல் அதன் மையத்துக்கு வரவில்லை. இருபது ஆண்டுகளின் பின் 1954 இல் வெளிவந்த ஹொலிவூட் படமான 'எலிபன்ட் வோக்' தேயிலைத் தோட்டத்தையே கதைக்களமாக்கிற்று. எனினும் எலிசபெத் டெய்லரும் பீட்டர் பிஞ்சும் வாழும் துரை பங்களாவின் துயரமே அதன் கதை. தொழிலாளர் வாந்திபேதியில் மடியும் கூட்டமாகவே தோன்றி மறைகின்றனர். முன்னைய படத்தில் அவர்கள் ஓரத்தில் நின்றனர். பின்னையதில் துரைமாரின் துயரத்துக்குப் பின்திரையாயினர்.

மலையகம் தன்னைத் தானே பேச முனைந்தமை உள்நாட்டுத் தமிழ்ப்படங்களிலேயே நிகழ்ந்தது. 1962 இல் 'சமுதாயம்' முதல் இலங்கைத் தமிழ்ப்படமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வந்த 'தோட்டக்காரி' தன் பெயரிலேயே மலையகத்தைச் சுட்டியது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபின் உள்ளூர்த் தமிழ்ப்படங்களுக்கு ஓரளவு இடைவெளி கிட்டியது. அவ்விடைவெளியில் தோன்றியவற்றுள் 1975 இல் வெளியான 'புதிய காற்று' தனியிடம் பெறத்தக்கது. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த இப்படத்தை எஸ். இராமநாதன் நெறிப்படுத்தினார். கதையை எழுதியவர் தெளிவத்தை ஜோசப்.

தெளிவத்தை ஜோசப் (1934 - 2022) ஊவாவின் மைந்தர். ஹாலிஎலவை அண்டிய ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். பதுளைப் பகுதியிலுள்ள தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் பூண்டவர். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலை வெளியிட்ட மறு ஆண்டே அவர் திரைக்கும் எழுதினார். தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டுக்கொண்டிருந்த காலமது. பஞ்சம் லயங்களை வாட்டிய காலமும் அதுவே. அத்தகைய வேளையில் தோட்டத்துப் பிள்ளையொருவன் தன் மக்களின் கதையைத் திரைக்குக் கொடுத்தான் என்பதே அம்முயற்சியின் வரலாற்றுப் பெறுமதியாகும். தொழில்நுட்பத்தால் அது தென்னிந்தியப் படங்களோடு போட்டியிட முடியாதிருந்தது உண்மையே. நட்சத்திரச் சினிமாவின் செல்வாக்கிலிருந்து அது முற்றாக விடுபட்டதென்றும் கூறுவதற்கில்லை. எனினும் கதைக்கும் களத்துக்கும் உரியவர் ஒருவரே என்ற நிலை அதில் எய்தப்பட்டது.

இந்நிலையில் 1978 ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். அவ்வாண்டில் வி. பி. கணேசனின் 'நான் உங்கள் தோழன்', செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' முதலிய உள்ளூர்ப் படங்கள் வந்தன. அதே ஆண்டில் இலங்கை இந்தியக் கூட்டுத் தயாரிப்பான 'பைலட் பிரேம்நாத்' ஏ. சி. திருலோகசந்தரின் நெறியாள்கையில் வெளிவந்தது. சிவாஜி கணேசனுக்கு இணையாகச் சிங்களத் திரையின் முதன்மை நடிகை மாலினி பொன்சேகா தோன்றினார், ஸ்ரீதேவியும் நடித்தார். மனைவி இறந்தபின், பிள்ளைகள் மூவருள் ஒருவர் தன் பிள்ளையல்லர் என அறியும் விமானி ஒருவனின் மனப்போராட்டமே கதை. 1981 இல் ஸ்ரீதரின் 'மோகனப் புன்னகை' சிவாஜி கணேசனுடன் கீதா குமாரசிங்கவை இணைத்தது. இரு பெரும் திரையுலகங்களின் நட்சத்திரங்கள் ஒருசேர நின்றமை அக்காலத்தில் கொண்டாடப்பட்டது. நடிப்பாற்றலை இங்கு எவரும் மறுக்கார். ஆனால் 'பைலட் பிரேம்நாத்' படத்தின் கதையைச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ இடம்மாற்றினும் அதில் ஒன்றும் குறைந்துபோகாது. இலங்கை அங்கு காட்சிப் பொருளாயிற்றேயன்றிக் கதையின் காரணியாகவில்லை.

அக்காலத்தின் வேறொரு காட்சியை இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1948 இல் பிரஜாவுரிமையை இழந்த மலையக மக்களைப் பங்கிட 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கெனவும் 300,000 பேர் இலங்கைக்கெனவும் கணக்கிடப்பட்டனர்; எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆகவே நட்சத்திரங்கள் விமானத்தில் வந்திறங்கிய அதே ஆண்டுகளில், பதுளையிலும் பண்டாரவளையிலும் புகைவண்டியேறிய குடும்பங்கள் தலைமன்னாரில் இராமேசுவரத்துக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தன. இரு நாடுகளும் உண்மையிலேயே கூட்டாகத் தயாரித்த கண்ணீர்க் கதை இதுவே. அக்கதையை எந்தக் கூட்டுத் தயாரிப்பும் தொடவில்லை. கையருகே கிடந்த பெருந்துயரைக் கைவிட்டு, எங்கும் நிகழக்கூடிய குடும்பக் கதையைத் தேர்ந்தமை கலைஞரின் தனிக்குறையன்று. இரு சந்தைகளையும் புண்படுத்தாத கதையையே முதலீடு வேண்டிநிற்கும் என்பதன் விளைவாகும்.

1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்கள் இத்துறையையும் பலிகொண்டன. கலையகமும் திரையரங்குகளும் எரிந்தன. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். தர்மசேன பத்திராஜா என்ற சிங்களக் கலைஞர் யாழ்ப்பாண வாழ்வைத் தமிழிலேயே 'பொன்மணி'யாக (1977) ஆக்கித் தந்த நன்முயற்சியின் வழி, அத்துடன் நீண்டகாலம் அடைபட்டது.

இவ்விடத்து ஓர் எதிர்வாதத்துக்கு விடையிறுத்தல் அவசியம். மலையக மக்கள் எம். ஜி. ஆரையும் சிவாஜியையும் தம்மவராகவே நேசித்தனர்; எம். ஜி. ஆர். பிறந்ததே நாவலப்பிட்டியில் அன்றோ? அவ்வாறாயின் தென்னிந்தியப் படம் அவர்களுக்கு எவ்வாறு அந்நியமாகும் என வினவலாம். சாதி வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். துரையும் கங்காணியும் வகுத்த எல்லைகளுக்குள் வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு அக்கூரை எத்தகைய விடுதலையாயிருந்திருக்கும் என்பது ஊகித்தற்கரியதன்று. ஆயினும் நேசித்தல் வேறு, பங்குபெறல் வேறு. பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் லயத்து வாசலும் சேர்ந்து ஈன்ற தனிப்பேச்சு மலையகத்துக்கு உண்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர் கூத்து, அருச்சுனன் தபசு எனத் தப்பொலியுடன் விடியவிடிய நிகழும் ஆற்றுகை மரபும் உண்டு. பிறர்க்குக் கொடுக்கத்தக்க கலைச்செல்வம் இல்லாத சமூகமாக அது இருந்ததில்லை. கொடுக்குமாறு கேட்பார் இல்லாதிருந்தமையே உண்மை.

கேட்கும் நிலை எவ்வாறு உருவாகும் என்பதற்குக் கொரியாவின் அனுபவம் உதவும். 'ஓக்ஜா' (2017) அமெரிக்க நிறுவனமான நெட்பிளிக்ஸின் பணத்தில் கொரிய நெறியாளர் பொங் யூன் ஹோ ஆக்கிய படம். அதன் தலைமைப் பாத்திரம் கொரிய மலைப்புறத்துச் சிறுமி. அவள் தன் மொழியிலேயே பேசி, நியூயோர்க் வரை சென்று பெருநிறுவனத்தை எதிர்க்கிறாள். மூலதனம் வெளியாருடையதாயினும் கதை மலைச்சிறுமியின் கையில் இருந்தது. இது தற்செயலன்று. உள்நாட்டுப் படங்களுக்குக் கட்டாயத் திரையிடல் நாள்களை ஒதுக்கும் விதியைக் கொரியா பல பத்தாண்டுகளாகக் காத்து வந்தது. 2006 இல் ஆண்டுக்கு 146 நாள்கள் 73 ஆகக் குறைக்கப்பட்டபோது அந்நாட்டுத் திரைக்கலைஞர் வீதியில் இறங்கினர். தன் வீட்டில் வலுவான அடித்தளமிட்டவனே அயலானோடு சமமாகக் கைகுலுக்க முடியும்.

அண்மைய உதாரணமொன்று இவ்விவாதத்தைக் கூர்மையாக்குகிறது. சிங்களக் கலைஞரான பிரசன்ன விதானகே நெறிப்படுத்திய 'பாரடைஸ்', கேரளத்தின் நியூட்டன் சினிமா தயாரிக்க, மணிரத்தினத்தின் மெட்ராஸ் டோக்கீஸ் வழங்கிய படமாகும். 2023 இல் கொரியாவின் பூசான் திரைவிழாவில் அது கிம் ஜிசோக் விருது பெற்றது. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது, இராமாயணத் தலங்களைக் காண மலைநாட்டுக்கு வரும் மலையாளத் தம்பதியர் கேசவ், அம்ருதா. பங்களாவில் அவர்களின் பொருள்கள் களவு போகின்றன. கேசவ் விடாது நெருக்க, பொலிசார் தமிழ்த் தொழிலாளரைப் பிடித்து வருகின்றனர். அடியுண்டவருள் ஒருவன் இறந்துபோகிறான்.

இப்படத்தின் சிறப்பு, சுற்றுலாக் கண்ணையே விசாரணைக்கு உட்படுத்துவதாகும். ஊவாவிலே எல்லயின் இராவணன் குகையும் நீர்வீழ்ச்சியும், சீதை தீக்குளித்ததாக ஐதிகம் கூறும் திவுரும்பொலையும் இன்று பயணிகளை ஈர்க்கின்றன. புராண நாயகியின் துயரைத் தேடி மலையேறுவோர், அவ்வழியே கொழுந்துக் கூடையுடன் செல்லும் பெண்ணின் துயரைக் காண்பதில்லை. இம்முரணை விதானகே உணர்ந்துள்ளார். மலையாளமும் தமிழும் உடன்பிறந்த மொழிகள். ஆயினும் கேசவின் செவியில் அம்மனிதரின் மறுப்பு ஏறவில்லை. செவியை அடைப்பது மொழியன்று, வர்க்கமே என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

ஆனால் குறையும் இங்கேயே தொடங்குகிறது. இறந்த தொழிலாளியை மனச்சாட்சியின் மையத்தில் நிறுத்தும் படம், அவனைக் கதையின் மையத்தில் நிறுத்தவில்லை. அவன் வீடு, அவன் உழைப்பு, அன்று காலை அவன் உண்டது யாது என்பன அறியப்படுவதில்லை. அவன் மரணம் அம்ருதாவின் விழிப்புக்குக் காரணமாகிறது. அவளது பார்வையையே படம் தேர்ந்தது என்பது கலைநியாயம். குற்றவுணர்வு கொள்ளும் பயணியின் கதையைச் சொல்ல அவருக்கு முழு உரிமையும் உண்டு. எனினும் இதே நெறியாளரின் 'ஒப நதுவ ஒப எக்க' (2012) மலைநாட்டு நகரொன்றில் நிகழ்ந்தபோதும் அதன் தமிழ்ப்பெண் போரிலிருந்து தப்பிவந்த வடபுலத்தவளாகவே இருந்தாள் என்பதனையும் சேர்த்து நோக்கினால், ஒரு வழமை புலனாகும். நேர்மைமிக்க கலைஞரின் கையிலும் மலையகம் பிறர் கதை நிகழும் இடமாகவே எஞ்சுகிறது.

இதற்கு விதானகேயைக் குறைகூறிப் பயனில்லை. தெளிவத்தை ஜோசப் 1975 இல் திறந்த கதவின் வழியே அடுத்தவர் நுழைவதற்கு வேண்டிய கலையகமோ பயிற்சிக்கூடமோ முதலோ ஊவாவில் ஏற்படுத்தப்படவில்லை. பதுளைக்குப் புகைவண்டிப் பாதை 1924 இல் வந்து சேர்ந்தது; தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க இன்று உலகமே அவ்வழி வருகிறது. வருவோரின் கருவிக்குமுன் நிற்பதோடு அமையாது, கருவியின்பின் நிற்கவும் தோட்டத்துப் பிள்ளைகள் பயிலுதல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் தமிழ்ச்சங்கங்களும் மலையகச் சிறுகதைகளைப் பாடமாகக் கற்பிப்பதோடு நில்லாமல், அவற்றைத் திரைச்சுவடியாக்கும் பயிற்சியை மேற்கொள்ளலாம். காமன் கூத்துக் கலைஞரையும் இளம் ஒளிப்பதிவாளரையும் ஓரிடத்தில் அமர்த்தலாம். அடுத்த கூட்டுத் தயாரிப்பாளர் மலையேறி வரும்போது, அவருக்குக் காட்டத் தேயிலைச் சரிவு மட்டுமன்றி எழுதி முடித்த கதையொன்றும் மலையகத்தின் கையில் இருத்தல் வேண்டும்.