எக்ஸ்சிசோர்: கூமாப்பட்டி மலையடியில் ஒரு சோதனை

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. வெப்பக் காற்று மேலெழும் இடத்தில் வட்டமடித்து உயரம் ஏறும். ஏறிய உயரத்தைச் செலவழித்து அடுத்த இடத்துக்கு நழுவும். ஓட்டுபவருக்கு ஓயாத கணக்கு ஒன்றுதான்: கையில் இருக்கிற உயரத்துக்கு எவ்வளவு தூரம் போகலாம்? இந்தக் கணக்கைப் போட்டுத் தருவதற்கென்றே லட்சக்கணக்கில் விலை வைத்து ஜிபிஎஸ் கருவிகள் விற்கிறார்கள். அதே வேலையைப் பழைய ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகச் செய்யும் ஆப் எக்ஸ்சிசோர். வணிக மென்பொருளாகத் தொடங்கி, பிறகு குறிமூலத்தோடு பொதுவில் விடப்பட்டது. கிளைடர், பாராகிளைடர் இரண்டுக்கும் பொருந்தும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே இருக்கும் கூமாப்பட்டியில் கிளைடர் ஓடுதளம் எதுவும் இல்லை. ஏறிப் பறக்க ஆசைப்பட்டால் புனேயின் ஹடப்சர் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். ஆனால் கருவியைச் சோதிக்க இந்த ஊர் தோது. மேற்கே மலை, கிழக்கே கண்மாயும் வயலுமாகச் சமவெளி. வத்திராயிருப்பு, பிளவக்கல் அணை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பைக்கில் சுற்றியும் ஆப்பிலேயே உள்ள சிமுலேட்டரில் ஓட்டியும் பார்த்து எழுதிய விமர்சனம் இது.

அமைப்பது எப்படி

நிறுவியதும் பறந்துவிட முடியாது. முதலில் நம் பகுதிக்கான வரைபடக் கோப்பை இறக்க வேண்டும். நிலத்தின் ஏற்ற இறக்கம், சாலை, நீர்நிலை எல்லாம் அதில் அடங்கியிருக்கும். வீட்டு வைஃபையிலேயே இதை முடித்துவிடுங்கள். அணைப்பக்கம் போய் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் சிக்னலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது இடக்குறிகள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். கிளைடர் உலகில் புழங்கும் ‘கப்’ கோப்பில் அட்சரேகையைப் பாகை, கலை என்று எழுத வேண்டும். கூகுள் மேப் காட்டுவதோ தசம எண். அங்கே 9.50 என்று இருப்பதை இங்கே 9 பாகை 30 கலை என்று மாற்ற வேண்டும். அப்படியே 9 பாகை 50 கலை என்று போட்டால் 20 கலை கூடிவிடும்; ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் 37 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்கும். குறியை ஏற்றியதும் அது வரைபடத்தில் சரியான ஊரில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

நேர வித்தியாசத்தை ஐந்தரை மணி என்று நாமே கொடுக்க வேண்டும். ஜிபிஎஸ் தருவது உலகப் பொது நேரம். இதை விட்டால் திரையில் காட்டும் உள்ளூர் நேரம் எல்லாம் ஐந்தரை மணி பிசகும். கூடவே கிளைடர் வகையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பாராகிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 10 மீட்டர் போகும். நல்ல கிளைடர் 40 மீட்டருக்கு மேல் போகும். வகை மாறினால் மற்ற கணக்கு எல்லாமே வீண்.

மெனுவில் ‘மெக்ரெடி’ என்று ஓர் எண் கேட்கும். அடுத்த வெப்பக்காற்றில் என்ன வேகத்தில் ஏறுவோம் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ அதுதான். அதற்கேற்ப எவ்வளவு வேகமாகப் பறக்கலாம் என்று ஆப் சொல்லும். 1956-இல் உலக கிளைடிங் சாம்பியனான பால் மெக்ரெடியின் பெயர் அது. 1979-இல் இங்கிலீஷ் கால்வாயை மனிதக் கால்பலத்தாலேயே கடந்த விமானத்தை வடிவமைத்தவரும் அவரே.

சிக்னல் வரவில்லையா?

ஆப் இரண்டு விதமாகப் புகார் சொல்லும். ‘ஜிபிஎஸ் இணைக்கப்படவில்லை’ என்றால் கோளாறு நம் பக்கம்: லொகேஷன் அனுமதி, ப்ளூடூத், கேபிள் இவற்றில் ஏதோ ஒன்று. ‘ஃபிக்ஸுக்காகக் காத்திருக்கிறது’ என்றால் இணைப்பு சரி, வானத்திலிருந்து வர வேண்டிய சிக்னல்தான் பாக்கி. இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

வெளிக் கருவி மாட்டியிருந்தால் ‘டிவைசஸ்’ பக்கத்தில் ‘மானிட்டர்’ பொத்தானை அழுத்துங்கள். கருவி அனுப்பும் வரிகள் அப்படியே திரையில் ஓடும். டாலர் குறியில் தொடங்கி ‘ஜிபிஆர்எம்சி’ என்று வரும் வரியில் நேரத்தை அடுத்து ஓர் எழுத்து இருக்கும். ‘வி’ என்றால் இடம் இன்னும் தெரியவில்லை. ‘ஏ’ என்றால் கிடைத்துவிட்டது. பிளவக்கல் பக்கம் மரத்தடியில் நின்றால் ‘வி’ நகர மாட்டேன் என்கிறது. அணைக்கரை மேல் ஏறினால் கண்ணெதிரே ‘ஏ’ ஆகிறது. வரியே வராமல் வெறும் குப்பை எழுத்து ஓடினால் பாட் வேகம் (தரவு அனுப்பும் வேகம்) பொருந்தவில்லை என்று பொருள். பழைய ஜிபிஎஸ் கருவிகள் 4800-இல் பேசும். மோதல் எச்சரிக்கைக் கருவியான ஃப்ளார்ம் போன்றவை அதைவிட வேகம். எதுவுமே ஓடவில்லை என்றால் கேபிளில் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் கையாக வாங்கிய கருவி தேதியை இருபது வருடம் பின்னால் காட்டுகிறதா? ஜிபிஎஸ் வார எண் 1024 ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். கடைசியாக அப்படி ஆனது 2019 ஏப்ரலில். மென்பொருளைப் புதுப்பிக்க வழி இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் அந்தத் தேதியோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

போனில் வரும் பெரிய தொல்லை பேட்டரி சேமிப்பு. திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போனே ஆப்பைக் கொன்றுவிடுகிறது. பதிவு பாதி வழியில் அறுந்து கிடக்கும். பேட்டரி அமைப்பில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

உயரம்: நம் ஊர்ச் சிக்கல்

தரையில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகில் சொல்லிவிடுகிறது. கவனிக்க வேண்டியது உயரத்தை. அதிலும் தென்னிந்தியாவில் கூடுதலாக.

ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கணிதம் வகுத்த ஒரு வழுவழுப்பான நீள்கோளத்திலிருந்து. நாம் கேட்பதோ கடல் மட்டத்திலிருந்து. உலகத்தில் பல இடங்களில் இந்த இரண்டுக்கும் இங்கே இருக்கிற அளவு பெரிய இடைவெளி இல்லை. ஆனால் இந்தியப் பெருங்கடலில், நம் தெற்கு முனைக்கும் தெற்கே, ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு 106 மீட்டர் கீழே. இந்த வகையில் பூமியிலேயே ஆழமான பள்ளம் இதுதான். ஏன் வந்தது என்பதற்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2023-இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். அந்தப் பள்ளத்தின் சரிவு நம் மாவட்டம் வரை நீள்கிறது. இங்கே வித்தியாசம் 90 மீட்டருக்கு மேல்.

இதைச் சோதிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையம் போதும். ரயில் நிலைய மஞ்சள் பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்ட உயரத்தை எழுதி வைப்பது வழக்கம். அதன் பக்கத்தில் நின்று, செயற்கைக்கோள் தரும் எண்ணைத் திருத்தாமல் காட்டும் ஆப் ஒன்றையும் எக்ஸ்சிசோரையும் திறந்து பார்த்தேன். முதலாவது பலகைக்கு 90 மீட்டருக்கு மேல் கீழே காட்டியது. எக்ஸ்சிசோர் தன்னிடம் உள்ள திருத்த அட்டவணையைக் கழித்து, பலகைக்கு ஒட்டிய எண்ணைக் காட்டியது. இந்த ஒரு காரியத்துக்கே அதற்கு மதிப்பெண் போடலாம்.

குறைத்துக் காட்டினால் பயம் இல்லை. உண்மையில் இன்னும் உயரத்தில் இருப்போம். ஆபத்து எதிர்ப்பக்கம். வெளிக் கருவி ஏற்கெனவே திருத்திய எண்ணை அனுப்ப, வாங்கும் ஆப் ஏதோ ஒன்று மறுபடி திருத்தினால் 90 மீட்டர் கூடுதலாகக் காட்டும். 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் கிளைடருக்கு அது 2.7 கிலோமீட்டர் பொய்த் தூரம். ஓடுதளத்துக்கு எட்டிவிடுவோம் என்று திரை சொல்லும். வயலில்தான் இறங்க வேண்டிவரும். எந்தக் கருவியை மாட்டினாலும் முதலில் பலகைச் சோதனை செய்துவிடுங்கள்.

போனில் காற்றழுத்த உணரி இருந்தால் அதையும் ஆப் பயன்படுத்திக்கொள்ளும். அதற்கு அன்றைய அழுத்த அளவைக் கொடுக்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் எட்டு ஒன்பது மீட்டர் பிசகும். நம் வெப்பமண்டலத்தில் காலை பத்து மணிவாக்கில் ஏறி நிற்கும் அழுத்தம், மாலை நாலு மணிக்குள் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். காலையில் அமைத்ததை அப்படியே விட்டால், மாலையில் நின்ற இடத்திலேயே 30 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டும்.

ஓட்டிப் பார்த்ததில்

பைக்கில் வேகம் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் ‘பறக்கத் தொடங்கிவிட்டோம்’ என்று முடிவு கட்டி, ஆப் தானே பதிவை ஆரம்பித்துவிடுகிறது. வத்திராயிருப்புச் சாலையைப் பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

உண்மையான சுவை சிமுலேட்டரில். கூமாப்பட்டிக்கு மேலே உயரத்தில் நிறுத்தி மேற்கே திருப்பினால், எட்டக்கூடிய எல்லைக்கோடு மலையில் மோதிச் சுருங்குகிறது. அங்கே உள்ள கோட்டமலையின் உயரம் 2,019 மீட்டர். அதைத் தாண்ட முடியாது என்று கோடே சொல்லிவிடும். கிழக்கே திருப்பினால் அதே கோடு சமவெளியில் அகலமாக விரிகிறது.

ஆனால் திரையில் வராத ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் சரிந்து இறங்கும், சுழலும். நாம் இருப்பது மலையின் மறைவுப் பக்கம். காற்றின் திசையும் வேகமும் ஆப்புக்குத் தெரியும்; மலைக்குப் பின்னால் அது எப்படிக் கவிழ்கிறது என்பது தெரியாது. அந்தக் கோட்டை நம்பி மலையை ஒட்டிப் பறப்பது தற்கொலை.

முடிவு

நிறை: இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், உயரக் கணக்கு நம் ஊருக்கும் சரியாக வருகிறது, கோளாறைக் கண்டுபிடிக்க வழி உள்ளேயே இருக்கிறது. குறை: மெனுக்கள் அடுக்கடுக்காக, புதியவரை மிரட்டும், வெயிலில் சாதாரண போன் திரை மங்குகிறது.

பாராகிளைடிங் கற்க வாகமண் பக்கம் போகிறவர்கள் இப்போதே நிறுவி சிமுலேட்டரில் பழகலாம். மலையேறுபவர்களுக்கு இது வேண்டாம். அதற்கு எளிய ஆப்கள் இருக்கின்றன. வாங்கத்தான் வேண்டும் என்று கிளைடர் கருவி தேடுகிறவர்கள், முதலில் இதில் ஒரு மாதம் பழகிவிட்டு, அப்புறம் பணத்தை எடுக்கலாம்.