உலக்கையும் பாட்டும்

வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாய் மறைகின்றனவே என்று ஏங்கி எழுதுவது நம் கதாசிரியர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கின்றன. கதைகளில் மட்டும் ஓயாமல் உழைக்கின்றன. இந்தக் குற்றத்தை நானும் செய்தவன்தான்.

வழக்கம் பழையது. கலித்தொகையில் இரண்டு பெண்கள் மூங்கில் நெல்லைப் பாறைக் குழியில் இட்டு, யானைக் கொம்பை உலக்கையாக்கிக் குத்துகிறார்கள். சேம்பின் இலைதான் சுளகு. ஒருத்தி தலைவனைப் பழிக்க, மற்றவள் புகழ, வள்ளைப்பாட்டு பிறக்கிறது. அற்புதமான கற்பனை! ஆனால் அந்தக் கொம்பின் கனம் என்ன, குத்தியவளின் தோள் வலித்ததா என்று பாட்டில் ஒரு சொல் இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறுங்கள். மலையாளிப் பழங்குடியினரின் பழைய உணவு சாமையும் தினையும் கேழ்வரகும். கேழ்வரகைத் திரித்தால் மாவு. சாமை அப்படி வசப்படுவதில்லை. சின்னஞ்சிறு மணி, அதன் மேல் கெட்டியான உமி. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். அத்தனையும் பெண்ணின் வேலை. ரேஷன் அரிசி வந்தது; 2011-இல் அது இலவசமும் ஆயிற்று. உலக்கையைக் கீழே வைத்தவளை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் உலக்கையோடு சாமையும் போகத் தொடங்கியதுதான் கதை. கொல்லிமலையில் இதையே கண்டார்கள். மரவள்ளி கையில் காசு கொடுத்தது ஒரு காரணம்; குத்துகிற பாடு இன்னொரு காரணம். அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் யந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது. சாமை பிழைக்க வேண்டுமானால் குத்தும் வேலை ஒழிய வேண்டும். பழமையைக் காப்பாற்ற யந்திரம் வர வேண்டியிருந்தது! ஏங்கி எழுதுகிற நமக்கு இது புலப்படவில்லை.

எல்லா வேலையும் இப்படி ஒழிவதுமில்லை. "இஸ்திரி போடுவதெல்லாம் எங்கள் வீட்டில் நின்று போயிற்று, ஸார்!" என்றார் ஒரு நண்பர். அவர் சட்டையில் மடிப்பு கத்திபோல் நின்றது. தெருமுனைத் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியின் கனலுக்கு எதிரே ஒருவர் நாள் முழுவதும் நிற்கிறார். வேலை சாகவில்லை, வீடு மாறியிருக்கிறது. அதைச் செய்பவர் நண்பரின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, ஒரு வேலை மறைந்தது என்று எழுதப் புகுமுன் கதாசிரியன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். அது யார் தோளிலிருந்து இறங்கிற்று? இப்போது யார் தோளில் ஏறியிருக்கிறது? யார் தோளிலும் ஏறவில்லையென்றால் சந்தோஷப்படலாம். பாட்டு போய்விட்டதே என்கிறீர்களா? உலக்கை இல்லாமலும் பாடலாம். மூச்சு வாங்காமல் பாடலாம்.