இரண்டு சாக்ஸபோன்

பொன்முடிக்கு ஏறும் வழியில், கல்லாற்றங்கரையில் வண்டியை ஓரங்கட்டி, நண்பர்களோடு சத்தமாகக் கேட்க வேண்டிய ஆல்பம் ‘கின்ஸ்மென்’. 2008-இல் வந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, நம் கத்ரி கோபால்நாத். இருவர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன். வாசிப்பது யார் என்ற சண்டை உடனே கிளம்பிவிடும். துப்பு ஒன்று: நாகஸ்வரம் பயின்ற கத்ரி, ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டே போவார். கமகம் பேச வேண்டுமென்று கருவியையே திருத்திக்கொண்டவராயிற்றே! ருத்ரேஷ் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கடித்துத் துப்புவார்.

டிரம்ஸும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ஒரே கணக்கில் வந்து மோதும்போது, பேஸ் கிட்டார் இல்லாமலேயே ஃபங்க் இசையின் துள்ளல் வந்துவிடுகிறது. டபுள் பேஸ் ஒன்றே போதுமாயிருக்கிறது. நடுவே ஏ. கன்யாகுமரியின் வயலின். மெருகு பூசிய ஒலி இல்லை. கச்சேரியில் முதல் வரிசை கிடைத்த மாதிரி மூச்சிழுப்பு வரை கேட்கிறது. ‘டூயட்’ (1994) படத்துக் கத்ரியை மட்டுமே அறிந்தவர்கள் ‘கல்யாணி’யில் தொடங்கலாம். ஆலாபனைகளைத்தான் இவ்வளவு சுருக்கியிருக்க வேண்டாம்.