ஏடும் உறுதியும்: மட்டக்களப்பு மான்மியம் பற்றிய ஒரு நோக்கு

எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தை வரலாற்று மூலமாகக் கொள்வதே மரபு. நாம் அதனை ஓர் உரிமைப் பத்திரமாகவும் வாசிக்கலாம். அரசரையும் கோயில்களையும் குடிகளின் வரிசைகளையும் அது நிரற்படுத்துவது நிலவுடைமைச் சமுதாயத்தின் தேவையினின்றும் பிறந்ததாகும். ஏட்டிற் பதிவானதே உரிமை என்னும் நியாயம் அதன் உள்ளுறையாகும்.

காப்பித் தோட்ட மூலதனத்தின் நலன்கருதி 1840இல் எழுந்த முடிக்குரிய நிலச் சட்டம் இந்நியாயத்தைப் பிறிதொரு வர்க்கத்தின் கருவியாக்கியது. உறுதியற்ற காடும் தரிசும் முடிக்குரியனவாயின; சேனைப்பயிரும் வேட்டையும் கொண்டு வாழ்ந்த வேடர் தம் நிலத்திலேயே அத்துமீறியோராயினர். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா தம்பானை வேடரின் காட்டை அடைத்தபோதும் நிகழ்ந்தது இதுவே. 1996இல் அவர்கள் ஜெனீவாவில் முறையிட நேர்ந்தது.

வாகரைப் பகுதியின் கரையோர வேடர் நிலை மேலும் சிக்கலானது. தமிழ் பேசுதலின் அரசு அவரை வேடராகக் காண்பதரிது. நம் புலமையாளரோ அவரைப் பழங்குடியென முதலத்தியாயத்திற் போற்றி, அடுத்ததில் மறந்துவிடுவர். 2007இல் இலங்கை ஆதரித்து வாக்களித்த ஐக்கிய நாடுகள் பழங்குடியுரிமைப் பிரகடனம், நிலத்தைத் தொடுமுன் அறிந்துதரும் இசைவைக் கோருகின்றது. ஏடற்றோரின் இசைவை ஏட்டில் தேடுதல் இயலாது. அவர்தம் குமாரதெய்வச் சடங்குகளை நாட்டார் வழக்காறாக மட்டுமன்றி, நிலவுரிமைச் சாட்சியமாகவும் ஆராய்தல் நம் திறனாய்வின் கடனாகும்.